யுத்த காலத்து மதுரை: விலைவாசி, ரேஷன், சினிமா பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரண்டாம் உலகப் போர் நடந்த 1939 முதல் 1945 வரையிலும், அதன் வால் நீண்ட அடுத்த சில ஆண்டுகளிலும் மதுரைச் சீமையில் ஜனங்கள் எப்படிக் காலம் தள்ளினார்கள் என்று பலரும் கேட்கிறார்கள். பாட்டி சொன்ன கதையைச் சரிபார்க்க நினைப்பவர்கள், டிரங்குப் பெட்டியில் பழைய காசு கிடைத்தவர்கள், அந்தக் காலத்தை வைத்துக் கதை எழுதுபவர்கள் என்று மூன்று வகை. எல்லோருக்குமாகச் சேர்த்து இந்தப் பதில்கள். படை, தளபதி, சண்டை பற்றி இங்கே அதிகம் இருக்காது, அடுப்பும் கடைத்தெருவும்தான்.

மதுரையில் குண்டு விழுந்ததா?

இல்லை. 1942 ஏப்ரலில் ஜப்பான் விமானங்கள் கொழும்பு, திருகோணமலை, விசாகப்பட்டினம், காக்கிநாடா ஆகிய இடங்களைத் தாக்கின. 1943 அக்டோபரில் ஒரு விமானம் சென்னைத் துறைமுகத்தில் குண்டு போட்டுவிட்டுப் போனது. மதுரைப் பக்கம் எதுவும் வரவில்லை. "எங்கள் தாத்தா குண்டுச் சத்தம் கேட்டாராம்" என்பவர்களுக்கு: மேலூர்ப் பக்கம் பாறைக்கு வெடி வைப்பது ஒன்றும் புதிதல்ல.

குண்டே விழவில்லை என்றால் ஏன் அவ்வளவு பயம்?

1942-இன் முதல் நான்கு மாதங்களை நினைத்துப் பாருங்கள். பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் விழுந்தது. மார்ச்சில் ரங்கூன். ஏப்ரலில் இலங்கைமேல் குண்டு. தனுஷ்கோடியில் கப்பலேறினால் தலைமன்னார். அவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டது. இந்த மூன்று இடங்களிலும் நம் பக்கத்து ஆட்கள் இருந்தார்கள் என்பதுதான் விஷயம். வரைபடத்தில் பெயர் தேட வேண்டிய ஊர்கள் அல்ல அவை. மணியார்டர் வந்துகொண்டிருந்த ஊர்கள்.

அந்த ஏப்ரலில் சென்னையே பாதி காலியானது. கடற்கரையை விட்டுத் தள்ளியிருந்த ஊர்களுக்கு ஜனங்கள் மூட்டை கட்டினார்கள். சொந்தக்காரர் வீடு இருந்தால் அங்கே, இல்லாவிட்டால் வாடகைக்கு. உள்நாட்டு ஊர்களில் வீட்டு வாடகை ஏறியது இப்படித்தான். போர் தொடங்கியபின் எடுத்த 1941 கணக்கெடுப்பில் மதுரையின் மக்கள்தொகை சுமார் 2 லட்சத்து 39 ஆயிரம். 1951-இல் 3 லட்சத்து 61 ஆயிரம். அத்தனையும் போரால் வந்த கூட்டம் என்று சொல்ல முடியாது, ஆனால் நெரிசலான பத்தாண்டு அது.

அந்தக் காலத்தில் எல்லாம் மலிவு என்கிறார்களே, உண்மையா?

காசின் எண்ணிக்கையைப் பார்த்தால் மலிவுதான். ஓர் அணாவுக்கு என்னென்ன வாங்கலாம் என்று ஒரு பட்டியலை வாட்ஸாப்பில் அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். அந்தப் பட்டியலில் இரண்டு விஷயம் இருக்காது. ஒன்று, கூலி. இரண்டாவது, அந்த விலைக்குச் சரக்கு கடையில் இருந்ததா என்பது.

போர் தொடங்கிய 1939 ஆகஸ்டு மாத மொத்த விலையை 100 என்று வைத்தால் 1944-45-இல் இந்திய அளவில் அது 244-ஐத் தொட்டது. ஐந்து வருஷத்தில் இரண்டரை மடங்கு. தங்கம் 1939-இல் பத்து கிராம் சுமார் 32 ரூபாய்; 1945-இல் சுமார் 62. இதெல்லாம் அரசாங்கக் கணக்குக்கும் பெரிய சந்தைக்கும் தெரிந்த விலை. கள்ள மார்க்கெட் விலை எந்த அட்டவணையிலும் ஏறாது. 1943-இல் பதுக்கலுக்கும் கொள்ளை லாபத்துக்கும் எதிராக அவசரச் சட்டமே போட வேண்டி வந்தது என்றால் நிலைமையைப் புரிந்துகொள்ளலாம்.

இந்த விலை ஏற்றத்தில் எல்லோரும் ஒரே மாதிரி கஷ்டப்படவில்லை. சொந்த நிலத்தில் நெல் விளைவித்தவருக்கு விலை ஏற ஏறப் பழைய கடன் இளைத்தது. முப்பதுகளின் மந்தத்தில் வாங்கிய கடனை நாற்பதுகளில் சில மூட்டை நெல்லை விற்று அடைத்தவர்கள் உண்டு. நெல்லையே கூலியாக வாங்கியவர் ஓரளவு தப்பித்தார். மில் தொழிலாளிக்குப் பஞ்சப்படி கிடைத்தது, அதுவும் சங்கம் போராடி வாங்கிய இடங்களில். மாதச் சம்பளக் குமாஸ்தா, பள்ளிக்கூட வாத்தியார், காசுக் கூலிக்குப் போனவர்கள், விதவைப் பெண்கள், இவர்கள்தான் நசுங்கினார்கள். ஆகவே உங்கள் தாத்தா "அப்போ எல்லாம் சுகம்" என்று சொன்னால், அவர் வீட்டில் அப்போது எத்தனை குழி வயல் இருந்தது என்று ஒரு கேள்வி கேளுங்கள்.

பெட்டியில் ஓட்டைக் காலணா இருக்கிறது. லட்சக்கணக்கில் விலை போகுமா?

போகாது. 1943 முதல் 1947 வரை அந்த ஓட்டைக் காலணாவைக் கோடிக்கணக்கில் அடித்தார்கள். நல்ல நிலையில் இருந்தாலும் சில்லறை விலைதான். "பழைய நாணயத்துக்குப் பத்து லட்சம், முதலில் பதிவுக் கட்டணம் கட்டுங்கள்" என்று போனில் கேட்பவன் மோசடிக்காரன். ரிசர்வ் வங்கியே இதைப் பற்றி எச்சரித்திருக்கிறது.

அதில் ஏன் ஓட்டை?

செம்பு மிச்சம் பிடிக்க. பழைய காலணா சுமார் 5 கிராம். ஓட்டைக் காலணா 2 கிராம் அளவு. தோட்டாவுக்கும் குண்டுக்கும் செம்பு தேவைப்பட்ட காலம். வெள்ளி ரூபாயும் இளைத்தது: பதினொரு பங்கு வெள்ளிக்கு ஒரு பங்கு கலப்பு என்று இருந்தது, 1940-இல் சரிபாதி வெள்ளியானது. அதே ஆண்டு ஒரு ரூபாய் நோட்டு வந்தது, 1943-இல் இரண்டு ரூபாய் நோட்டு.

நாணயம் கையைவிட்டு மறைந்ததற்கு அரசாங்கத்தின் சிக்கனம் மட்டும் காரணமல்ல. ஜப்பான்காரன் வந்தால் காகிதம் செல்லாது என்ற பயத்தில் பழைய வெள்ளி ரூபாய்களை ஜனங்கள் அடுக்குப் பானையில் போட்டு மூடினார்கள். அப்புறம் சின்னக் காசும் சந்தையில் கிடைக்கவில்லை. காலணா மிச்சம் தர வேண்டிய கடைக்காரர் என்ன செய்வார்? கணக்கில் எழுதிவைப்பார், இல்லாவிட்டால் காசுக்குப் பதில் ஏதாவது சாமானைக் கையில் கொடுப்பார். தேவைக்கு மேல் சில்லறை சேர்த்து வைப்பதே குற்றம் என்று உத்தரவு போட்டார்கள்.

கணக்குத் தெரியாதவர்களுக்கு: ஒரு ரூபாய்க்கு 16 அணா, ஓர் அணாவுக்கு 4 காலணா, ஒரு காலணாவுக்கு 3 பை.

வயலும் பெரியாற்றுத் தண்ணீரும் இருந்த மதுரையில் அரிசிப் பஞ்சம் எப்படி?

இது நல்ல கேள்வி. முல்லைப் பெரியாறு 1895-இலேயே வந்துவிட்டது. மேலூர்ப் பக்கம் நெல் விளைந்தது. ஆனால் சென்னை மாகாணம் மொத்தமாகத் தன் சாப்பாட்டுக்குத் தானே விளைவித்துக்கொண்ட மாகாணம் அல்ல. இடைவெளியை நிரப்பியது பர்மா அரிசி. இந்தியா முழுக்க ஆண்டுக்குப் பதினைந்து லட்சம் டன் அளவில் வந்துகொண்டிருந்தது. கீழ் பர்மாவின் நெல் வயல்களில் ஏறத்தாழ கால் பங்கு அப்போது செட்டிநாட்டு நகரத்தார் கைக்கு வந்திருந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ரங்கூன் விழுந்த அன்று காரைக்குடி வட்டாரத்தில் சொத்துப் போனது. மதுரைக் கடைத்தெருவில் அரிசி போனது.

அதற்குமேல் ரயில் வண்டிகளெல்லாம் ராணுவச் சரக்குக்குப் போய்விட்டன. தஞ்சாவூரில் நெல் இருந்தாலும் இங்கே கொண்டுவர வண்டி இல்லை, அனுமதியும் இல்லை. ஒரு மாவட்டத்து நெல் இன்னொரு மாவட்டத்துக்குப் போக பெர்மிட் வேண்டும். மடியிலும் கூடையிலும் ஐந்து படி, பத்து படி என்று ரயிலில் அரிசி கடத்திய பெண்கள் பெரிய கொள்ளைக்காரர்கள் அல்ல. அன்றாடம் உலை வைக்க வேண்டியவர்கள். பிடிபட்டதும் பெரும்பாலும் அவர்கள்தான். லாரியில் போனதைப் பிடித்த கதை எனக்கு அதிகம் காதில் விழுந்ததில்லை.

விவசாயி தரப்பில் வேறு கதை. கிராம அதிகாரிகளான கர்ணமும் மணியக்காரரும் வந்து விளைச்சலைக் கணக்கெடுப்பார்கள். வீட்டுச் செலவுக்கும் விதைக்கும் இத்தனை, மிச்சத்தை அரசாங்க விலைக்குக் கொடு என்பார்கள். அரசாங்க விலை சந்தை விலையைவிடக் குறைவு. நெல்லை வைக்கோற்போருக்குள் ஒளித்ததும், குதிருக்குப் பின்னால் சுவர் எழுப்பியதும் அந்தக் காலத்து வீரக் கதைகள். இன்றைக்கும் பெருமையாகச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். டவுனில் க்யூவில் நின்றவரிடம் அதே கதையைச் சொல்லிப் பாருங்கள்.

ரேஷன் எப்போது வந்தது? என்ன கொடுத்தார்கள்?

1943-இன் பிற்பகுதியில் சென்னையில் தொடங்கி மற்ற ஊர்களுக்குப் பரவியது. வீட்டுக்கு ஒரு கார்டு, ஆள் கணக்கு, பெரியவர்களுக்கு ஓர் அளவு, குழந்தைகளுக்குக் குறைவு. பெரியவருக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம் என்பது அடிப்படை அளவாக இருந்தது. போர் முடிந்தபின் 1946-இல் அது 12 அவுன்ஸ், அதாவது சுமார் 340 கிராம் ஆகக் குறைந்தது. கவனியுங்கள்: போர் முடிந்த பிறகுதான் குறைந்தது.

அரிசிதான் கிடைக்கும் என்றும் இல்லை. கோதுமை போட்டார்கள், மக்காச்சோளம் போட்டார்கள். கோதுமையை என்ன செய்வதென்று தெரியாமல் குருணையாக உடைத்துக் கஞ்சி வைத்தவர்கள் அநேகம். கிராமத்தில் கம்பும் கேழ்வரகும் சோளமும் இருந்ததால் ஒருவழியாக ஓடியது. புழுங்கலரிசிச் சோறு தவிர வேறு தெரியாத டவுன் குடும்பங்கள்தான் திண்டாடின. கன்ட்ரோல் அரிசியில் கல்லும் நாற்றமும் இருந்ததாகச் சொல்லாத பாட்டி இல்லை.

காப்பி கிடைத்ததா?

காப்பிக் கொட்டை கிடைத்தது. போரால் ஐரோப்பிய ஏற்றுமதி நின்றுபோய் தோட்டங்களில் கொட்டை தேங்கியது. அதை விற்றுத் தரத்தான் 1942-இல் காப்பி போர்டுக்கான சட்டமே வந்தது. சர்க்கரைக்குத்தான் தட்டுப்பாடு. கருப்பட்டியும் வெல்லமும் கைகொடுத்தன. கருப்பட்டிக் காப்பியை ஏதோ ஆரோக்கியப் பழக்கமாக இப்போது விற்கிறார்கள், சரி.

மில் ஊரில் துணிப் பஞ்சம் எப்படி வந்தது?

ஹார்வி மில் என்று ஊர் சொல்லும் மதுரா மில்லும் மீனாட்சி மில்லும் இருந்த ஊர் இது. ஆலைகள் போர்க்காலத்தில் ஓய்வில்லாமல் ஓடின. லாபமும் குவிந்தது, அதிக லாபத்துக்கென்று தனி வரி போட்டார்கள், முதலில் பாதி, பிறகு மூன்றில் இரண்டு பங்கு. ஆனால் நூலும் துணியும் ராணுவத்துக்கு முதலில் போயின. 1943-இல் துணி, நூல் கட்டுப்பாட்டு உத்தரவு வந்தபின் ஆலைத் துணியிலேயே விலையை முத்திரை குத்த வேண்டும் என்றார்கள்.

அடி வாங்கியது கைத்தறி. மதுரையின் சௌராஷ்டிர நெசவாளர் வீடுகளில் தறி இருந்தது, கை இருந்தது, நூல் இல்லை. நூல் வியாபாரிக்கு லைசென்ஸ், நெசவாளருக்கு ஒதுக்கீடு, இடையில் கள்ள விலை. சாயமும் அதே கதி. அந்தக் காலத்துச் செயற்கைச் சாயத்தில் பெரும்பங்கு ஜெர்மனியிலிருந்து வந்தது. 1939 செப்டம்பரோடு அது நின்றது. சுங்குடிச் சேலைக்குப் பேர்போன ஊரில் சாயத்துக்கு அலைந்தார்கள். ஏழைகளுக்கென்று அரசாங்கம் கொண்டுவந்த முரட்டு ரகம் 'ஸ்டாண்டர்டு துணி'. வேறு கிடைக்காததால் கட்டினார்கள்.

கரி பஸ் என்பது நிஜமா? எப்படி ஓடியது?

நிஜம், அதில் மதுரைக்குத் தனிப் பங்கும் உண்டு. 1941-இல் பெட்ரோல் ரேஷன் வந்தது. பஸ் முதலாளிகளுக்குக் கிடைத்த அளவில் பாதி வண்டிகூட ஓடாது. மதுரையில் 1912-இலேயே பஸ் விட்ட டி.வி. சுந்தரம் ஐயங்காரின் கம்பெனி, கரியிலிருந்து வாயு எடுத்து என்ஜினை ஓட்டும் சாதனத்தைத் தயாரித்து விற்றது. 'டி.வி.எஸ். கேஸ் பிளான்ட்' என்று அதற்குப் பெயர். மலேயா விழுந்ததால் ரப்பரும் போனது. தேய்ந்த டயருக்கு மறுபடி ரப்பர் போடும் தொழிற்சாலையும் அவர்களுடையதே.

செய்முறை இதுதான். பஸ்ஸுக்குப் பின்னால் ஆளுயர இரும்பு உருளை. அதில் மரக்கரியை நிரப்பித் தீ மூட்டி, கைவிசிறியைச் சுற்றிச் சுற்றி ஊத வேண்டும். காற்று போதாமல் கரி எரியும்போது கார்பன் மோனாக்ஸைடு வரும். அதைக் குளிரவைத்து, வடிகட்டிச் சாம்பலை நீக்கி, என்ஜினுக்குள் அனுப்புவார்கள். கிளீனர் பையன் வண்டி கிளம்புவதற்குக் கால் மணி, அரை மணி முன்னாலேயே விசிறியைச் சுற்ற ஆரம்பித்துவிட வேண்டும். பெட்ரோலில் கிடைக்கிற பலத்தில் மூன்றில் ஒரு பங்காவது குறைந்துவிடும். சமதளத்தில் சமாளிக்கலாம், ஆண்டிபட்டிக் கணவாய் மாதிரி ஏற்றம் வந்தால் ஆண்கள் இறங்கித் தள்ளுவது வழக்கத்தில் சேர்ந்தது. வழியில் நிறுத்திக் கரி கிளறுவார்கள், சாம்பல் தட்டுவார்கள். வெள்ளை வேட்டியோடு ஏறினால் அதே நிறத்தில் இறங்க முடியாது. அந்த வாயு விஷம் என்பதால் மூடிய கொட்டகைக்குள் ஊதிக் கிளப்புவது ஆபத்து.

சொந்தக் கார் வைத்திருந்தவர்கள் அதைத் தூக்கி நிறுத்திவிட்டு மாட்டுவண்டிக்கும் ஜட்காவுக்கும் திரும்பினார்கள். சைக்கிள் டயருக்கும் பெர்மிட்.

விளக்கு?

பர்மாவோடு மண்ணெண்ணெயும் போனது. அங்குள்ள எண்ணெய்க் கிணறுகளை 1942 ஏப்ரலில் பிரிட்டிஷாரே அழித்துவிட்டுப் பின்வாங்கினார்கள். மதுரை டவுனுக்கு நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையத்து மின்சாரம் வந்திருந்தது. கிராமங்களில் அரிக்கேன் விளக்கை இறக்கி வைத்துவிட்டு இலுப்பை எண்ணெய், புங்க எண்ணெய், விளக்கெண்ணெய் அகலுக்குப் போனார்கள்.

சண்டை நடக்கும்போது சினிமா ஓடியதா?

ஓடியதா! கையில் காசு புரண்டவர்களுக்கு வாங்கச் சாமான் இல்லை; சினிமா டிக்கெட் மட்டும் ரேஷன் கிடையாது. மதுரை அதற்கு முன்பே சினிமாப் பித்துப் பிடித்த ஊர். 1937-இல் ஓடோ ஓடென்று ஓடிய 'சிந்தாமணி' மதுரை ராயல் டாக்கீஸ் எடுத்த படம். அந்த லாபத்தில் கட்டிய தியேட்டருக்கு அதே பெயரை வைத்தார்கள்.

போர் செய்த பெரிய மாற்றம் படத்தின் நீளத்தில். பிலிம் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். கப்பலில் இடம் இல்லை. 1942-இல் படம் 11,000 அடியைத் தாண்டக்கூடாது என்றார்கள், அதாவது சுமார் இரண்டு மணி நேரம். அதற்கு முன் மூன்று மணி நேரமும் மேலும் ஓடிய படங்களில் நாற்பது ஐம்பது பாட்டு சாதாரணம். கத்தரி விழுந்ததும் பாட்டு குறைந்து கதை வேகமெடுத்தது. என் கணக்கில், தமிழ் சினிமா மேடை நாடகத்தைவிட்டு விலக இந்த உத்தரவு பல இயக்குநர்களைவிட அதிகம் உதவியது. சர்க்காரின் போர்ச் செய்திப் படத்தைக் கட்டாயம் காட்ட வேண்டும், அதற்குத் தியேட்டர்காரர் காசும் கட்ட வேண்டும் என்ற விதி 1943-இல் வந்தது. போருக்கு ஆதரவாகப் படம் எடுக்கச் சொல்லித் தயாரிப்பாளர்களுக்கும் நெருக்கடி. மாடர்ன் தியேட்டர்ஸின் 'பர்மா ராணி' (1945) அந்தக் காற்றில் வந்தது.

1942-இல் 'கண்ணகி' வந்தது. முன்னால் சொன்ன ஜப்பான் குண்டு எதுவும் வராமல், அந்த வருஷம் மதுரை எரிந்தது திரையில் மட்டும்தான். 1944 தீபாவளிக்கு 'ஹரிதாஸ்'. அடுத்த மாதமே பத்திரிகைக்காரர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கு. அந்தப் பட நாயகன் தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் கைதானார்கள். ஐரோப்பாவில் நேசப்படைகள் முன்னேறிய செய்தியைவிட டீக்கடையில் அதிகம் அலசப்பட்டது எது என்று யோசிக்கவே வேண்டாம்.

நாடகம், பத்திரிகை, ரேடியோ?

நாடக மேடை தேசியப் பாட்டுக்குப் பேர்போனது. போலீஸ் கண்ணும் அங்கேயே. திருமங்கலத்தில் வாழ்ந்த விஸ்வநாததாஸ் அதற்காகப் பலமுறை சிறை போனவர். 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில் முருகன் வேஷத்தில் மேடையிலேயே உயிர் நீத்தார்.

பத்திரிகைகள் காகிதக் கட்டுப்பாட்டால் மெலிந்தன. ஆனாலும் 'கல்கி' பிறந்தது 1941-இல், போருக்கு நடுவில். அதற்குப் பணம் சேர்க்கத்தான் மதுரையில் பிறந்த எம்.எஸ். சுப்புலட்சுமி 'சாவித்திரி' படத்தில் நாரதர் வேஷம் போட்டார்.

ரேடியோ என்றால் திருச்சி நிலையம், 1939 மே மாதம் தொடங்கியது. வீட்டில் பெட்டி வைத்திருந்தவர்கள் கொஞ்சம் பேர். ராத்திரியில் கதவைச் சாத்திக்கொண்டு எதிரிப் பக்கத்து நிலையங்களான பெர்லினும், பிற்பாடு சிங்கப்பூரும் கேட்டவர்கள் அதிலும் கொஞ்சம் பேர். கேட்டதை வெளியே பரப்பினால் இந்தியப் பாதுகாப்பு விதிகளின்கீழ் உள்ளே போக வேண்டியதுதான். பரவாமல் இருந்ததா என்றால், இல்லை.

நேதாஜி மேல் இந்தப் பக்கம் ஏன் அவ்வளவு பற்று?

போர் அறிவித்த அதே 1939 செப்டம்பர் முதல் வாரத்தில் அவர் மதுரைக்கு வந்திருக்கிறார். முத்துராமலிங்கத் தேவர் ஏற்பாடு. மலேயா, பர்மாவில் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தவர்களில் தமிழர்கள் ஏராளம். மதுரை, ராமநாதபுரம் ஜில்லாக்களில் அவர்களுக்குக் குடும்பம் இருந்தது. மூன்றரை வருஷம் கடிதமும் மணியார்டரும் இல்லை. பர்மாவிலிருந்து நடந்தே தப்பித்த லட்சக்கணக்கானோரில் வழியில் செத்தவர்களும் ஆயிரக்கணக்கில். அந்த ராணுவத்தின் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படைக்குத் தலைமை தாங்கிய லட்சுமியின் தாயார் அம்மு சுவாமிநாதனை 1952 தேர்தலில் திண்டுக்கல் தொகுதி எம்.பி. ஆக்கியது.

தட்டுப்பாடு எப்போது தீர்ந்தது?

1945-இல் தீரவில்லை. ஒருமுறை கட்டுப்பாட்டைத் தளர்த்தினார்கள், விலை எகிறியது, மறுபடி போட்டார்கள். 1952-இல் முதலமைச்சரான ராஜாஜி அந்த ஜூனில் உணவுக் கட்டுப்பாட்டை நீக்கியபோதுதான் ஜனங்கள் மூச்சு விட்டார்கள். அதனால்தான் உங்கள் வீட்டுப் பெரியவர்கள் "யுத்த காலத்து ரேஷன்" என்று சொல்வதில் பாதி, சுதந்திரத்துக்குப் பிந்தியதாக இருக்கும். எந்த வருஷம் என்று கேட்காதீர்கள். அப்போது வீட்டில் யாருக்குக் கல்யாணம் நடந்தது, யார் பிறந்தது என்று கேட்டால் வருஷம் தானாக வந்துவிடும்.

1943 மதுரையில் நடக்கும் கதை எழுதுகிறேன். எதில் கவனமாக இருக்க வேண்டும்?

நயா பைசா வரக்கூடாது, அது 1957. கிலோவும் லிட்டரும் வேண்டாம். படி, மரக்கால், வீசை, பலம். கதாநாயகியைத் தங்கம் தியேட்டருக்கு அனுப்பாதீர்கள், அது 1952. வைகை அணை 1959. தேனியும் திண்டுக்கல்லும் மதுரை ஜில்லாவுக்குள். சிவகங்கை ராமநாதபுரம் ஜில்லாவில். மீனாட்சி கோயிலில் ஆலயப் பிரவேசம், அதாவது தாழ்த்தப்பட்டவர்கள் உள்ளே நுழைந்தது, 1939 ஜூலை 8-இல் நடந்துவிட்டது, ஊரில் அந்தச் சண்டை சூடு ஆறாமல் இருந்த காலம்.

இன்னொன்று, பலர் தவறவிடுவது. ராஜாஜியின் முதல் மதுவிலக்கு சேலத்திலும் வேறு சில ஜில்லாக்களிலும்தான். மதுரை அதில் இல்லை. உங்கள் ஆள் கரி பஸ்ஸைத் தள்ளிவிட்டுக் களைத்துப்போய்க் கள்ளுக்கடைக்குள் நுழைந்தால் போலீஸ்காரரை வரவழைக்க வேண்டாம்.